பல துறை சேர்ந்த பிஎச்டி: டிகிரில என்ன பேரு வரும், டாக்டர்னு போடலாமா, வேலை கெடைக்குமா?

வாலாஜாப்பேட்டையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு இன்டர்டிசிப்ளினரி ப்ரோக்ராம் ஒண்ணுல பிஎச்டி அட்மிஷன் கெடைச்சிருக்கு. தலைப்பு, பாலாத்து ஓரம் நிலத்தடித் தண்ணியில இருக்கற குரோமியம். கைடு கெமிஸ்ட்ரி, கோ-கைடு பொது சுகாதாரம், மேப் போடற வேலைக்கு ஜிஐஎஸ் தெரிஞ்சவர் ஒருத்தர். அவங்க கேட்டது மூணு விஷயம். கடைசில டிகிரில எந்தப் பாடம்னு வரும்? பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாமா? ("இன்னாடி, ஊசி போடாத டாக்டரா நீ"ன்னு அத்தை கேக்கறாங்களாம்.) நாளைக்கு காலேஜ்ல கெமிஸ்ட்ரி வேலைக்கு என்னை எடுத்துப்பாங்களா?

முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், அப்புறம் விரிவா போறேன். டிகிரியோட பேரு டாக்டர் ஆஃப் பிலாசபி, அதுல எந்த மாத்தமும் இல்ல, ஒரே துறையில பண்ணாலும் மூணு துறையில பண்ணாலும் அதே பேருதான். டாக்டர்னு போடலாம், ஆனா எப்போல இருந்துன்னு ஒரு கணக்கு இருக்கு. வேலை விஷயம்தான் இதுல பெரிசு, அது இப்போ உங்க கையில இருக்கற ரிஜிஸ்ட்ரேஷன் லெட்டர்ல இருக்கற ஒரே ஒரு வரில நிக்குது. அந்த வரிய இந்த மாசமே பாத்துக்கங்கன்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், ஏன்னா அந்த ஒரு வரிய பாக்காம விட்டதுல நான் ரெண்டு வருஷம் தொலைச்சவன்.

என் கதைய சொல்லிடறேன். நான் எம்எஸ்சி பிசிக்ஸ். பிஎச்டி பண்ணது பயோபிசிக்ஸ். புரோட்டீன் அமைப்பு பத்தி எக்ஸ்ரே வெச்சு பண்ற வேலை, கணக்கும் பிசிக்ஸும்தான் முக்கால்வாசி. வைவா (தீசிஸ் பத்தின வாய்மொழித் தேர்வு) எல்லாம் நல்லபடியா முடிஞ்சு ஒரு காலேஜ்ல பிசிக்ஸ் அசிஸ்டென்ட் ப்ரொபசர் இன்டர்வியூவுக்குப் போனேன். பேனல்ல ஒரு பெரியவர் சர்டிபிகேட்ட எடுத்துப் பாத்துட்டு, "நீங்க பிசிக்ஸா பயாலஜியா"ன்னு கேட்டார். நான் ரெண்டும்தான் சார்னு சொன்னேன், சந்தோஷமாவே சொன்னேன், அதான் என் பலம்னு நெனைச்சிட்டு. அவர் பைல மூடிட்டார். அப்புறம் இன்னொரு எடத்துல பயாலஜி பக்கம் போனா, "உங்க எம்எஸ்சி பிசிக்ஸ் ஆச்சே"ன்னு சொன்னாங்க. கடைசில என் கைடு யுனிவர்சிட்டி ஆபீஸ்ல பேசி, இந்த ஆய்வு இயற்பியல் துறையின் கீழ் பதிவு செய்யப்பட்டதுன்னு ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்தார், அத இணைச்சு அனுப்பினப்புறம்தான் அடுத்த எடத்துல வேலை கெடைச்சுது. அந்த ஒரு பக்க லெட்டர் முதல் வருஷமே என் பைல்ல இருந்திருந்தா அந்த ரெண்டு வருஷம் வீணாகியிருக்காது.

சரி, விஷயத்துக்கு வரேன். இதுல மூணு பேரு கலந்து கெடக்கு, அத தனித்தனியா பிரிச்சுக்கிட்டா பாதிக் குழப்பம் தீந்துரும். பட்டத்தோட பேரு ஒண்ணு, அதாவது டாக்டர் ஆஃப் பிலாசபி. பாடத்தோட பேரு ஒண்ணு, கெமிஸ்ட்ரியா என்விரான்மென்டல் சயின்ஸா இன்டர்டிசிப்ளினரியா. அப்புறம் உங்க பேருக்கு முன்னாடி ஒட்டிக்கற அடைமொழி ஒண்ணு, டாக்டர், தமிழ்ல முனைவர். இந்த மூணும் மூணு எடத்துல இருந்து வருது. பட்டத்த குடுக்கறது யுனிவர்சிட்டி, பாடத்த முடிவு பண்றது உங்க ரிஜிஸ்ட்ரேஷன், அடைமொழிய குடுக்கறது வழக்கம்.

பட்டம் ஏன் பிலாசபின்னு கேப்பாங்க, உங்க அத்தையும் ஒருநாள் கேப்பாங்க, தண்ணிய டெஸ்ட் பண்றவளுக்கு எதுக்கு தத்துவம்னு. பழைய ஐரோப்பாவுல யுனிவர்சிட்டின்னா சட்டம், சமயம், மருத்துவம், இந்த மூணும்தான் மேல் படிப்பு, மத்த எல்லா அறிவும் பிலாசபி பேகல்டிங்கற ஒரே கூரைக்குக் கீழ இருந்துச்சு, கணக்கு, வானியல், இயற்கை அறிவியல் எல்லாமே. 1810ல பெர்லின் யுனிவர்சிட்டி ஆரம்பிச்சப்புறம் ஜெர்மன்காரங்க ஆராய்ச்சி பண்ணி புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சாத்தான் பட்டம்ங்கற மொறைய கெட்டிப்படுத்தினாங்க, அந்த பேகல்டியோட பேரே பட்டத்துல ஒட்டிக்கிச்சு. அமெரிக்காவுல யேல் 1861ல முதல் பிஎச்டி குடுத்துச்சு, ஆக்ஸ்போர்ட் 1917லதான் ஆரம்பிச்சுது, அவங்க டிபில்னு எழுதறாங்க, ரெண்டும் ஒண்ணுதான். டாக்டர்ங்கற வார்த்தையே லத்தீன்ல சொல்லிக்குடுக்கறவர்ங்கற அர்த்தம். அதனால அத்தைகிட்ட தைரியமா சொல்லுங்க, பாடம் சொல்லிக்குடுக்கறவங்களுக்குத்தான் இந்த வார்த்தை முதல்ல சொந்தம். நம்ம ஊர்ல எம்பிபிஎஸ் படிச்சவங்கள நாம டாக்டர்னு கூப்பிடறோம், அந்தப் பட்டத்த விரிச்சுப் பாத்தா பேச்சிலர் ஆஃப் மெடிசின், பேச்சிலர் ஆஃப் சர்ஜரின்னுதான் இருக்கும், டாக்டர்ங்கறது அங்க மரியாதை வழக்கம். இத நான் அவங்கள கொறைச்சு சொல்லல, வேலூர்ல பொறந்தவன் யாரும் அப்படி சொல்ல மாட்டான், எங்க வீட்டுல ரெண்டு பேர் சிஎம்சியால (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) உயிரோட இருக்காங்க.

வேலூர்ல இந்தக் குழப்பம் மத்த ஊர விட ஜாஸ்தி, ஏன்னா இங்க டாக்டர்னா சிஎம்சிதான். 1900ல ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்சது, 1918ல பொம்பளைங்களுக்கான மெடிக்கல் ஸ்கூல் ஆச்சு. அங்கயே பட்டத்தோட பேரு எவ்ளோ வித்தியாசம் பண்ணும்னு பாக்கலாம். அந்த ஸ்கூல்ல ஆரம்பத்துல படிச்சவங்களுக்கு எல்எம்பின்னு லைசென்ஸ் டிப்ளமாதான் கெடைச்சுது, டிகிரி கெடையாது. அதே கைங்க, அதே நோயாளிங்க, ஆனா பேப்பர்ல வேற பேரு. 1942ல யுனிவர்சிட்டி டிகிரி காலேஜா உயர்த்தினாங்க. இப்பவும் சிஎம்சி எம்பிபிஎஸ் சர்டிபிகேட்ல பட்டம் குடுக்கறது தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம்தான். வேலை பண்ற எடம் ஒண்ணு, பட்டம் குடுக்கற எடம் இன்னொண்ணா இருக்கலாம், இது பல துறை பிஎச்டில இன்னும் அதிகம்.

ஏன்னா இந்தியாவுல பட்டம் குடுக்கற உரிமை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 1956, 22வது பிரிவு சொல்ற நிறுவனங்களுக்குத்தான் உண்டு. மத்திய, மாநில சட்டத்தால வந்த யுனிவர்சிட்டி, டீம்டு (நிகர்நிலை) யுனிவர்சிட்டி, பார்லிமென்ட் தனிச் சட்டம் போட்டு அதிகாரம் குடுத்த நிறுவனங்க, அவ்ளோதான். லேப் எவ்ளோ பெரிசா இருந்தாலும் அந்த அதிகாரம் இல்லன்னா அவங்க பேர்ல பட்டம் வராது. நம்ம பக்கம் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002ல வந்தது, அதுக்கு முன்னாடி வட ஆற்காட்டுக் காலேஜ் எல்லாம் மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்குக் கீழ, அதனால உங்க காலேஜ்லயே சீனியர் ப்ரொபசர் சர்டிபிகேட்ல சென்னைப் பல்கலைக்கழகம்னு இருக்கும். விஐடி 1984ல வேலூர் இன்ஜினியரிங் காலேஜா ஆரம்பிச்சு 2001ல டீம்டு ஆனது, அதுக்கப்புறம்தான் அவங்க பேர்லயே பட்டம். ஐஐடி மெட்ராஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா, நம்ம சிஎம்சி மூணும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்டெக் நடத்தறாங்க, ரொம்ப அருமையான ஏற்பாடு. இந்த மாதிரி கூட்டா நடத்தற எதுல சேர்ந்தாலும் முதல் கேள்வி ஒண்ணுதான், கடைசில கையெழுத்துப் போட்டு பட்டம் தரப்போறது யாரு. வெக்கப்படாம கேளுங்க.

இப்போ பாடத்தோட பேரு. இதுலதான் ஊருக்கு ஊரு மாறும். சில யுனிவர்சிட்டி சர்டிபிகேட்ல துறைப் பேரு போடுவாங்க. சில எடத்துல துறை வராது, பேகல்டி பேரு வரும், அண்ணா யுனிவர்சிட்டில அப்படித்தான், இன்பர்மேஷன் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங் பேகல்டி, சயின்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ் பேகல்டின்னு பெரிய கூடையா போட்டுருவாங்க. சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சில்) லேப்ல பண்றவங்களுக்கு ஏசிஎஸ்ஐஆர்ங்கற அகாடமி பட்டம் குடுக்குது, அங்க சயின்ஸ் பிஎச்டி தனி, இன்ஜினியரிங் பிஎச்டி தனி. நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர் பசங்க நெறைய பேர் சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆராய்ச்சிக்குப் போறாங்க, அதுவும் சிஎஸ்ஐஆர்தான், அங்க ஒரே லேப்ல ஒரே மெஷின்ல வேலை பாக்கற ரெண்டு பேருக்கு, ஒருத்தர் எம்எஸ்சி ஒருத்தர் எம்டெக்ன்னா, பட்டத்துல வேற வேற வார்த்தை வரலாம். வெளிநாட்டுல பல யுனிவர்சிட்டி சர்டிபிகேட்ல பாடமே இருக்காது, டாக்டர் ஆஃப் பிலாசபின்னு மட்டும் போட்டுட்டு பாடத்த மார்க் ஷீட்ல வெச்சிருப்பாங்க. ஜெர்மனியில நேர் எதிர், பட்டத்துலயே துறை ஒட்டியிருக்கும், இயற்கை அறிவியலுக்கு ஒரு டாக்டர், இன்ஜினியரிங்குக்கு ஒரு டாக்டர், கலைப் பாடத்துக்கு ஒரு டாக்டர். அமெரிக்காவுல எம்ஐடில சில துறைல பிஎச்டியும் எஸ்சிடியும் (டாக்டர் ஆஃப் சயின்ஸ்) ரெண்டும் உண்டு, வேலை ஒண்ணு, தகுதி ஒண்ணு, எந்தப் பேரு வேணும்ங்கறது மாணவர் விருப்பம்.

நம்ம ஊர்லயும் அதே டாக்டர் ஆஃப் சயின்ஸ், டிஎஸ்சின்னு ஒண்ணு உண்டு. ஜி.என். ராமச்சந்திரன் பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, அவர் மெட்ராஸ் யுனிவர்சிட்டில 1947ல டிஎஸ்சி வாங்கினார், அப்புறம் கேம்பிரிட்ஜ்ல 1949ல பிஎச்டியும் வாங்கினார். ரெண்டும் பிசிக்ஸ். ஆனா உலகம் அவர ஞாபகம் வெச்சிருக்கறது கொலாஜனோட மூணு புரிச் சுருள் அமைப்புக்கு, 1954ல கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து போட்டது. கொலாஜன்னா என்ன, தோல்ல இருக்கற புரதம். ஆம்பூர்லயும் ராணிப்பேட்டையிலயும் பதனிடற தோல் மொத்தமும் அதான், குரோமியம் உப்பு போய் பிடிச்சுக்கறது அந்த கொலாஜன்லதான். உங்க தலைப்பும் அவர் தலைப்பும் ஒரே தோலோட ரெண்டு பக்கம் தங்கச்சி. அவர் பிசிக்ஸ்ல கால ஊணிக்கிட்டு பயாலஜிய தொட்டார். இத நான் திரும்பத் திரும்ப என் ஸ்டூடன்ட்ஸ்க்கு சொல்றேன், ரெண்டு கால்ல ஒரு கால் எங்கயாவது ஊணியிருக்கணும்.

பல துறை சேர்ந்து வேலை பண்றது நமக்குப் புதுசும் இல்ல. பால் பிராண்ட்ங்கற சர்ஜன் இங்க வேலூர்ல தொழுநோயாளிங்க மடங்கிப்போன கைக்கு ஆபரேஷன் பண்ணி விரல நிமித்தினார், அதோட நிக்கல, உணர்ச்சி இல்லாத காலுல புண்ணு வராம இருக்க மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு வரைக்கும் போனாங்க அவரும் கூட இருந்தவங்களும். சர்ஜரி, எலும்பு, நரம்பு, ரப்பர், செருப்புத் தைக்கற கைவேலை, நடை பத்தின அளவுன்னு எல்லாம் அதுல இருக்கு. இன்னிக்கு ஒரு பொண்ணு கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரில அந்த செருப்ப வெச்சு பிஎச்டி பண்ணா எந்தத் துறைன்னு எழுதுவீங்க? உங்க குரோமியமும் அப்படித்தான். தோல் பதனிடற குரோமியம் மூணு இணைதிறன், அது பெரும்பாலும் மண்ணோட நிக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணியோட ஓடும், விஷமும் அதுதான், இத பிரிச்சு அளக்கறது கெமிஸ்ட்ரி. அது எந்தக் கிணத்துக்குப் போவுதுன்னு பாக்கறது நிலவியல். குடிக்கறவங்களுக்கு என்ன ஆவுதுன்னு பாக்கறது பொது சுகாதாரம். யார் காசு கட்டணும்ங்கறது சட்டம், அதுவும் நம்ம ஊரு பேர்லதான் இருக்கு, வேலூர் சிட்டிசன்ஸ் வெல்பேர் போரம் போட்ட கேஸ்ல 1996 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, கெடுத்தவன் காசு கட்டணும்ங்கற கொள்கைய நாட்டோட சட்டத்துல ஒரு பகுதின்னு சொன்ன தீர்ப்பு, நாடு பூரா சட்டக் காலேஜ்ல அத படிக்கறாங்க. அதனால உங்க தலைப்பு பல துறையா இருக்கறது தப்பே இல்ல, அப்படித்தான் இருக்கணும், பாலாற ஒரே துறை வெச்சு படிக்க முடியாது. கவலை எல்லாம் பேப்பர் பத்தித்தான்.

பேப்பர் ஏன் முக்கியம்னா வேலைக்கு எடுக்கற விதிங்க எல்லாம் துறை துறையாத்தான் எழுதியிருக்கு. யுஜிசியோட 2018 விதிகள் அசிஸ்டென்ட் ப்ரொபசருக்கு என்ன சொல்லுதுன்னா, சம்பந்தப்பட்ட அல்லது அதோட ஒட்டின பாடத்துல 55 சதவீதத்தோட முதுகலை, கூட நெட் இல்லன்னா செட் (தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுங்க), விதிப்படி வாங்கின பிஎச்டி இருந்தா நெட்டுக்கு விலக்கு. கவனிச்சீங்களா, அடிப்படை முதுகலைதான். உங்க எம்எஸ்சி கெமிஸ்ட்ரின்னா கெமிஸ்ட்ரி வேலைக்குக் கதவு ஏற்கெனவே தொறந்திருக்கு, பிஎச்டி அதுக்கு முட்டுக்கட்டையா ஆகாம பாத்துக்கறதுதான் வேலை. ஒட்டின பாடம்ங்கற வார்த்தை கேக்க தாராளமாத்தான் இருக்கு, ஆனா அத யாரு எப்படிப் படிக்கறாங்கங்கறது அந்த ஸ்க்ரீனிங் கமிட்டி கையில. தமிழ்நாட்டுல டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) வழியா அரசுக் காலேஜ்க்குப் போறப்ப இன்னும் ஒண்ணு இருக்கு, ஈக்விவலன்ஸ் ஜி.ஓ. உங்க பட்டத்தோட பேரு விளம்பரத்துல இருக்கற பேரோட ஒத்துப்போகலன்னா, இது அதுக்கு இணையானதுதான்னு உயர்கல்வித் துறை போட்ட அரசாணைய காட்டுன்னு கேப்பாங்க. அப்ளைடு, இன்டஸ்ட்ரியல், இன்டர்டிசிப்ளினரின்னு முன்னாடி ஒரு வார்த்தை ஒட்டினதாலயே ஜி.ஓ தேடி அலையறவங்க ஒவ்வொரு தடவையும் இருக்காங்க. படிப்புல ஒரு கொறையும் கெடையாது, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அலைச்சல்.

இன்ஜினியரிங் காலேஜ்ல இன்னும் கறார். அங்க பிஇ, எம்இ எந்தப் பிரிவுன்னு கீழ இருந்து பாத்துட்டு வருவாங்க, எம்எஸ்சி படிச்சிட்டு மெக்கானிக்கல் துறையில பிஎச்டி வாங்கினா மெக்கானிக்கல் ப்ரொபசர் ஆக முடியாது, சயின்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ்ல கெமிஸ்ட்ரி நடத்தலாம். மெடிக்கல் காலேஜ்ல எம்பிபிஎஸ் இல்லாதவங்களுக்கு பயோகெமிஸ்ட்ரி மாதிரி சில துறையில கொஞ்சம் எடம் உண்டு, அந்த அளவு பல தடவை மாறியிருக்கு, அத நம்பி திட்டம் போடாதீங்க.

அதனால இந்த மாசம் பண்ண வேண்டியது. உங்க லெட்டர்ல பாடம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல வெறும் இன்டர்டிசிப்ளினரின்னு இருந்தா கைடுகிட்ட போய், கெமிஸ்ட்ரி - இன்டர்டிசிப்ளினரின்னு போட முடியுமான்னு கேளுங்க, பல யுனிவர்சிட்டில இதுக்கு வழி இருக்கு, கைடு எந்தத் துறையோ அந்தத் துறைல பதிவு, மத்தவங்க கோ-கைடு. யுஜிசி 2022 நவம்பர்ல கொண்டு வந்த பிஎச்டி விதிகளும் பல துறை ஆய்வுக்கு வெளித் துறையில இருந்தோ வெளி நிறுவனத்துல இருந்தோ கோ-கைடு வெச்சுக்கலாம்னு தெளிவாவே சொல்லுது. அப்படி மாத்த விதி எடம் குடுக்கலன்னா, பட்டத்தோட பாடம் எப்படி எழுதப்படும்னு ரிசர்ச் செக்ஷனுக்கு ஒரு கடிதம் எழுதி பதில எழுத்துலயே வாங்கி வெச்சுக்கங்க. வாய்ல சொல்றத நம்பாதீங்க, சொன்னவர் ரிடையர் ஆயிருவார், நீங்க வேலைக்கு அப்ளை பண்றப்ப அந்த சீட்ல வேற ஒருத்தர் இருப்பார்.

அதே மாதிரி கைடுக்கு ரிடையர்மென்ட்டுக்கு எத்தனை வருஷம் இருக்குன்னு பாருங்க. 3 வருஷத்துக்குக் கீழ இருந்தா அவர் புதுசா ஸ்காலர் எடுக்கவே கூடாதுன்னு விதி. ப்ரொபசர் 8 பேர், அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4, இதுதான் ஒருத்தர் ஒரே நேரத்துல வெச்சிருக்கக்கூடிய ஆளுங்க. பல துறை ப்ரோக்ராம்ல கைடு போனா அடுத்த கைடு எந்தத் துறைலயோ கெடைச்சு, பாடத்தோட பேரும் சேந்து மாறிப்போனத நான் பாத்திருக்கேன்.

கோர்ஸ் வொர்க் குறைஞ்சது 12 கிரெடிட். அதுல கெமிஸ்ட்ரி பேப்பர் ஒண்ணாவது கெட்டியா எடுங்க, அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி மாதிரி, மார்க் ஷீட்ல அந்த வார்த்தை இருக்கட்டும். தீசிஸ் தலைப்புலயும் இருக்கட்டும். பாலாற்றுப் படுகையில குரோமியம் பரவலும் உடல்நலமும்னு வெச்சா படிக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா குரோமியத்தின் வேதி வடிவங்கள்ங்கற மாதிரி ஒரு சொல் உள்ள வந்துட்டா பேனல்ல உக்காந்திருக்கறவர் கேள்வியே கேக்க மாட்டார். தீசிஸ மதிப்பிட குறைஞ்சது 2 வெளி எக்ஸாமினர், அதுல ஒருத்தராவது கெமிஸ்ட்ரி ஆளா இருக்கற மாதிரி பேனல் குடுக்கச் சொல்லுங்க, இது கைடு பண்ற வேலை, ஆனா ஞாபகப்படுத்தறது உங்க வேலை. நெட் எழுதறதா இருந்தா சிஎஸ்ஐஆர் கெமிக்கல் சயின்சஸ்ல எழுதுங்க, யுஜிசி நெட்ல என்விரான்மென்டல் சயின்ஸும் இருக்கு, முடிஞ்சா ரெண்டும் எழுதுங்க, எந்தக் கதவு தொறந்தாலும் உள்ள போகலாம்.

நீங்க பொண்ணுங்கறதால இதையும் சொல்லிடறேன், நம்ம பக்கத்துல எம்எஸ்சி முடிஞ்சதுமே வீட்டுல ஜாதகத்த எடுத்துருவாங்க, எத்தனை நல்ல ஸ்காலருங்க அதோட நின்னு போனாங்கன்னு எனக்குத் தெரியும். பிஎச்டிக்கு குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6, மறுபதிவு பண்ணா இன்னும் 2, பெண்களுக்கு அதுக்கு மேல இன்னும் 2 வருஷம் சலுகை, மொத்தம் 10 தாண்டக்கூடாது. பேறுகால, கொழந்தைப் பராமரிப்பு லீவு 240 நாள் வரைக்கும் உண்டு. கல்யாணமாகி வேற ஊருக்குப் போனா ஆய்வுத் தரவ அந்த ஊரு யுனிவர்சிட்டிக்கு மாத்திக்க விதி எடம் குடுக்குது. பாதில விட வேணாம், இத வீட்டுலயும் இப்பவே சொல்லி வைங்க.

கடைசில அடைமொழி. எப்போல இருந்து போடலாம்? ரிஜிஸ்டர் பண்ணா இல்ல, தீசிஸ் குடுத்தா இல்ல. வைவா முடிஞ்ச அன்னிக்கு எல்லாரும் மாலை போட்டு டாக்டர்னு கூப்பிடுவாங்க, சந்தோஷமா கேட்டுக்கங்க, ஆனா எழுத்துல போடறது யுனிவர்சிட்டி முடிவ அறிவிச்சு ப்ரொவிஷனல் (தற்காலிக) சர்டிபிகேட் கைக்கு வந்தப்புறம். அதுவரைக்கும் பிஎச்டி ஸ்காலர், தமிழ்ல முனைவர் பட்ட ஆய்வாளர், அதுவே மரியாதையான பேருதான். பேருக்குப் பின்னாடி பிஎச்டின்னு போட்டு பக்கத்துல பர்சூயிங்னு சின்னதா எழுதறத தயவுசெஞ்சு பண்ணாதீங்க, வாங்காத பட்டத்த எழுதின மாதிரித்தான் அது. வாங்கினப்புறமும் முன்னாடி டாக்டர், பின்னாடி பிஎச்டின்னு ரெண்டையும் போட வேணாம், ஒண்ணு போதும். தமிழ்ல எழுதறப்ப முனைவர்னு போட்டா குழப்பமே வராது, மருத்துவர் வேற முனைவர் வேற, இலங்கையில கலாநிதின்னு சொல்வாங்க. நம்ம அரசியல் சட்டம் 18வது பிரிவு அரசு எந்தப் பட்டப்பேரும் குடுக்கக்கூடாதுன்னு சொல்றப்பவே ரெண்டுக்கு மட்டும் விலக்கு வெச்சிருக்கு, ஒண்ணு ராணுவம், இன்னொண்ணு கல்வி. அவ்ளோ மதிப்பு குடுத்து வெச்சிருக்கற எடம் அது.

கௌரவ டாக்டர் தனி விஷயம். குடியரசுத் தலைவரா இருந்த ராதாகிருஷ்ணன் நம்ம வேலூர் ஊரிஸ் காலேஜ்ல படிச்சிட்டு அப்புறம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனவர், படிச்சு வாங்கினது எம்.ஏ, டாக்டர் பட்டங்க எல்லாம் அவரோட அறிவுக்காக யுனிவர்சிட்டிங்க தேடி வந்து குடுத்தது. 1931ல பிரிட்டிஷ்காரங்க குடுத்த சர் பட்டத்த சுதந்திரத்துக்கு அப்புறம் விட்டுட்டு டாக்டர்ங்கறத மட்டும் வெச்சுக்கிட்டார். அந்த மாதிரி ஆளுக்குக் குடுத்த கௌரவத்தோட பேர வெச்சே, காசு வாங்கிட்டு சால்வை போத்தி ஒரே நாள்ல டாக்டர் பட்டம் குடுக்கற கூட்டங்களும் இருக்கு, பட்டம் குடுக்கவே அதிகாரம் இல்லாதவங்க. உங்களுக்கும் அழைப்பு வரும், நம்ம ஊர்ல ரிசர்ச் பண்றவங்க எல்லாருக்கும் வருது, போகாதீங்க.

இன்னொண்ணும் நடக்கும். டாக்டர் ஆனீங்கன்னு தெரிஞ்சதும் சொந்தக்காரங்க ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ட கொண்டாந்து நீட்டுவாங்க. உங்க கோ-கைடு பொது சுகாதாரம்ங்கறதால உங்களுக்கு கொஞ்சம் தெரியவும் செய்யும், அங்கதான் ஜாக்கிரதை. நான் தண்ணியில டாக்டர், ஒடம்புல இல்லன்னு சொல்லி கூட்டிட்டுப் போய் ஆஸ்பத்திரில காட்டுங்க. ஆனா அத்தை வீட்டுக் கிணத்துத் தண்ணிய ஒரு பாட்டில்ல கொண்டாந்து குடுத்து, இது குடிக்கலாமா பாருன்னு கேட்டா, அதுக்கு பதில் சொல்ற டாக்டர் நீங்கதான், ஊசி போடறவங்க யாராலயும் அத சொல்ல முடியாது.

திங்கக்கிழமை ரிசர்ச் செக்ஷன் போறப்ப அட்மிஷன் லெட்டர், எம்எஸ்சி கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், கைடு கையெழுத்துப் போட்ட கோரிக்கைக் கடிதம் மூணையும் ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒரு காப்பில வாங்கினதுக்கு சீல் வெச்சு தேதியோட கேட்டு வாங்குங்க. பாடம் கட்டத்துல என்ன எழுதறாங்கன்னு வந்து சொல்லுங்க, அந்த வார்த்தைய பாத்துட்டு மேல பேசலாம்.